எட்டு நாள் விதி

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவன் தன் தகப்பனாரை அழைத்துக்கொண்டு வந்து நம் வீட்டு வாசலில் நின்றான். தகப்பனார் நூல் ஆலை ஒன்றில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தவர். காமாலை கண்டு எழுந்தவர் என்பது முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. கண்ணில் மஞ்சள் இன்னும் முழுவதும் விலகவில்லை. உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பையன் படித்துச் சொன்னான், ஸார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

காகிதம் ஆங்கிலத்தில் இருந்தது, நாலே வரி. தொடர்ந்து எட்டு வேலை நாட்களுக்கு மேல் அநுமதியில்லாமல் வராமலிருந்தபடியால், ஆலையின் நிலையாணைகளை அநுசரித்து, அவர் தாமாகவே வேலையை விட்டு நீங்கிவிட்டதாகக் கருதப்படுகிறது என்றும், பெயர் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்றும் கண்டிருந்தது. பையன் படித்ததில் பிழையில்லை.

"நான் எங்கே ஸார் விட்டுப் போனேன்? படுத்தல்லவா கிடந்தேன்!" என்றார் அவர்.

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடிப் புறப்பட்ட நாம், பழைய சட்டப் புத்தகங்களையும் தீர்ப்புகளையும் பல இரவுகள் புரட்டும்படி ஆயிற்று. அவற்றில் கண்டதை வாசகர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனெனில், ஆலைச் சங்கு ஊதும் ஊர்களில் இந்த நாலு வரிக் காகிதம் எந்த வீட்டுக்கும் வரக்கூடியது.

எழுதாத விதி

ஆலை என்பது விதிகளால் நடப்பது. எத்தனை மணிக்குக் கதவு திறக்கும், எத்தனை நிமிஷம் தாமதித்தால் திருப்பி அனுப்புவார்கள், லீவு யாரிடம் கேட்பது, எது குற்றம், குற்றத்துக்கு என்ன தண்டனை என்பவையெல்லாம் அங்கே வேலை பார்ப்பவனுக்குச் சாப்பாட்டைப் போல் முக்கியம். ஆயினும் நெடுங்காலம் வரையில் இந்த விதிகள் பெரும்பாலும் எந்தக் காகிதத்திலும் இல்லை. மேஸ்திரியின் வாயில் இருந்தன. திங்கட்கிழமை ஒரு மாதிரியாகவும் செவ்வாய்க்கிழமை வேறு மாதிரியாகவும் இருந்தாலும் கேட்பாரில்லை.

சென்னைப் பெரம்பூரில் 1918-ம் வருஷத்தில் எழுந்த கிளர்ச்சியின் மூலத்தைப் பார்த்தால் இது விளங்கும். பக்கிங்காம் ஆலை, கர்நாடிக் ஆலை என்ற இரண்டும் பின்னி கம்பெனியாரின் நிர்வாகத்தில் இருந்தன. தொழிலாளிகளின் குறைகளில் முன்னே நின்றது மத்தியான இடைவேளை. அது மிகக் குறுகியது. அதற்குள் கைகால் கழுவி, சோற்று மூட்டையை அவிழ்த்து, உண்டு, ஓடிவந்து யந்திரத்தின் முன் நிற்க வேண்டும். ஆலைப் பகுதியில் இருந்த செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும் இந்த முறைப்பாடுகளை நாள்தோறும் காதால் கேட்டவர்கள். அவர்கள் ஸ்ரீ பி. பி. வாடியாவை நாடினார்கள். அன்னி பெஸண்ட் அம்மையாருடன் சுயாட்சிக் கிளர்ச்சியில் ஈடுபட்டு, 1917-ல் அவருடனேயே காவலில் வைக்கப்பட்டவர் வாடியா. 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவரானார். உபதலைவர்களில் ஒருவர் திரு. வி. கலியாணசுந்தர முதலியார், வெஸ்லி கலாசாலையில் தமிழாசிரியராக இருந்து, அதை விட்டுத் 'தேசபக்தன்' பத்திரிகைக்கு ஆசிரியரானவர். இந்தியாவில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுவே என்று சரித்திரக்காரர்கள் பலர் எழுதுகிறார்கள்.

தேசத்துக்குச் சுயராஜ்யம் கேட்டவர்களே ஆலைக்குள்ளும் நியாயம் கேட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தன் நாட்டில் தன் இஷ்டப்படி ஆளும் அதிகாரி கூடாது என்றவர்களுக்கு, தான் உழைக்கும் இடத்தில் தன் இஷ்டப்படி ஆளும் மேஸ்திரியும் கூடாது என்று தோன்றியது இயற்கையே.

கோர்ட்டுக்குப் போன சங்கம்

ஆனால் சட்டம் அப்போது எந்தப் பக்கம் இருந்தது? 1920-ம் வருஷக் கடைசியில் ஆலையில் தகராறு முற்றிக் கதவடைப்பு ஏற்பட்டது. கம்பெனியார் சென்னை ஹைகோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தார்கள். பிரதிவாதிகள் வாடியாவும் சங்கத்தாரும். தொழிலாளிகள் கம்பெனியுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறும்படி இவர்கள் தூண்டினார்கள் என்பது வாதம். ஹைகோர்ட்டு இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது.

வாசகர்கள் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். ஒப்பந்தம் என்றால் இரு தரப்பாரும் சம்மதித்து எழுதுவதல்லவா? அந்தக் குறுகிய இடைவேளைக்கு யார் சம்மதம் கேட்டார்கள்? விதியை எழுதாமல் வைத்திருந்த தரப்பு, அதை மீறினார்கள் என்று மட்டும் கோர்ட்டில் சொல்ல முடிந்தது. சட்டப் புத்தகத்தில் அதற்கு இடமும் இருந்தது. நீதிபதிகளைக் குறை கூறிப் பயனில்லை. தொழிற்சங்கம் என்ற ஒன்றை அப்போதைய சட்டம் அறியவே இல்லை. முடிவில் 1921-ல் சமரஸம் ஏற்பட்டது. வாடியா சங்கத் தொடர்பை விட்டு விலகினார்.

இந்த வழக்கு தேசம் முழுவதையும் விழிக்கச் செய்தது. அதே 1921-ல் ஸ்ரீ என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில், தொழிற்சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் ஒரு சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து வருஷம் கழித்து 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறிற்று. ஏழு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் சங்கத்தைப் பதிவு செய்ய மனுப் போடலாம். தொழில் தகராறு ஒன்றில், பதிவான சங்கத்தார் சக தொழிலாளியை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்ற ஒரே காரணத்துக்காக அவர்கள் மேல் ஸிவில் வழக்குச் செல்லாது என்று 18-வது பிரிவு சொல்லிற்று. வாடியாவைக் கட்டிய கயிறு அந்தப் பிரிவினால் அறுந்தது.

மத்தியான இடைவேளைக்கும் விமோசனம் வந்தது. 1922-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஆறு மணி நேர வேலைக்குள் ஒரு மணி நேரம் ஓய்வு என்பதைப் பொது விதியாக வைத்தது. வாரத்துக்கு 60 மணி, நாளுக்கு 11 மணி என்று வேலை நேரத்துக்கும் எல்லை கட்டிற்று. பெரம்பூர்க்காரர்களின் முறைப்பாடு ஒரு தனி ஆலையின் வம்பு அல்ல, தேசத்துக்கே பொதுவான குறை என்பது இவ்வாறு ஒப்புக்கொள்ளப்பட்டது.

வாசலில் ஒட்டிய புத்தகம்

நேரத்துக்குச் சட்டம் வந்தது. சங்கத்துக்குச் சட்டம் வந்தது. ஆலைக்குள் அன்றாடம் நடக்கும் விதிகளுக்கு 1946-ம் வருஷத்தில்தான் தேசம் முழுவதற்கும் பொதுவான சட்டம் வந்தது. தொழிற்சாலை நிலையாணைகள் சட்டம் என்பது அதன் பெயர். வைஸ்ராயின் நிர்வாக சபையில் அப்போது தொழில் இலாகாவை வகித்தவர் டாக்டர் அம்பேத்கர்.

இச்சட்டத்தின் ஏற்பாடு மிகவும் எளிமையானது. 100 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஒவ்வொரு ஸ்தாபனத்தின் முதலாளியும் தம் விதிகளை எழுதி, சர்க்கார் அதிகாரியிடம் தர வேண்டும். நிரந்தரத் தொழிலாளி யார், தற்காலிகத் தொழிலாளி யார், பதிலி யார், ஷிப்டு முறை என்ன, தாமதமாக வந்தால் என்ன, லீவுக்கு வழி என்ன, எவையெவை ஒழுங்கீனம், மேலதிகாரி அநியாயம் செய்தால் யாரிடம் முறையிடுவது என்பவையெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதிகாரி அதைத் தொழிலாளிகளுக்கு அனுப்பி, ஆட்சேபம் கேட்டு, இரு தரப்பாரையும் விசாரித்து, அதன் பிறகே அத்தாட்சி செய்வார். அத்தாட்சியான விதிகளை, பெரும்பாலான தொழிலாளிகள் நுழையும் வாசலிலோ அதன் அருகிலோ, ஆங்கிலத்திலும், பெரும்பாலோருக்குத் தெரிந்த பாஷையிலும் பலகையில் போட்டு வைக்க வேண்டும்.

வாசலில், தாய்ப் பாஷையில் என்ற இந்த இரண்டு சொற்களை நாம் மிகவும் போற்றுகிறோம். மேஸ்திரியின் வாயில் இருந்த விதி சுவருக்கு வந்துவிட்டது. சுவரில் உள்ளதைத் திங்கட்கிழமைக்கு ஒன்றும் செவ்வாய்க்கிழமைக்கு ஒன்றுமாகப் படிக்க முடியாதல்லவா?

ஆனால் ஆரம்பத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. விதி சட்டத்துக்கு ஒத்திருக்கிறதா என்று மட்டுமே அதிகாரி பார்க்கலாம். நியாயமாக இருக்கிறதா என்று கேட்க அவருக்கு அதிகாரமில்லை. அந்த அதிகாரம் 1956-ல் செய்த திருத்தத்தினால்தான் கிடைத்தது. விதியை மாற்றும்படி தொழிலாளிகள் மனுப் போடும் உரிமையும் அப்போது வந்ததுதான்.

மறுபடியும் அதே ஆலை

இனி எட்டு நாள் விதிக்கு வருவோம். இவ்விதி பல ஆலைகளின் நிலையாணைகளில் இருந்தது. முதலாளிமார் இதற்குச் சொல்லும் காரணத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டால், அவன் திரும்புவானா மாட்டானா என்று தெரியாமல் எத்தனை நாள் யந்திரத்தைச் சும்மா வைப்பது? பதிலியை எத்தனை நாள் பதிலியாகவே நிறுத்துவது? ஏதாவது ஓர் எல்லை வேண்டும் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை.

பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் நிலையாணையிலும் இந்த விதி இருந்தது. லீவில்லாமல் தொடர்ந்து எட்டு வேலை நாள் வராதவன் வேலையை விட்டவனாகக் கருதப்படுவான். நிர்வாகத்துக்குத் திருப்தி ஏற்படும்படி சமாதானம் சொன்னால், அந்த நாட்கள் சம்பளமில்லாத லீவாக மாற்றப்படும். 1957 ஜனவரியில் அந்த ஆலைத் தொழிலாளி ஒருவர் சில நாள் லீவில் போனார்; லீவு முடிந்தும் திரும்பவில்லை. நோயாகக் கிடந்ததாகப் பிறகு தெரிவித்து, ஈ.எஸ்.ஐ. டாக்டரின் சர்டிபிகேட்டைக் காட்டினார். நிர்வாகத்துக்குத் திருப்தி ஏற்படவில்லை. நோய்க் காலத்தில் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறதே என்று அவர் தரப்பில் வாதித்தார்கள்.

வழக்குச் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1963-ல் தீர்ப்பு கம்பெனியின் பக்கம் ஆயிற்று. வேலையை விட்டானா இல்லையா என்பது சாதாரணமாக மனிதனின் எண்ணத்தைப் பொறுத்த விஷயம்தான். ஆனால் அத்தாட்சி பெற்ற நிலையாணையில் இன்ன நிலைமையில் விட்டதாகவே கொள்ளப்படும் என்று தெளிவாக எழுதியிருக்கும்போது, எழுதியபடியே நடக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். நோய்க் காலத்தில் தண்டனையாக நீக்குவதைத்தான் ஈ.எஸ்.ஐ. சட்டம் தடுக்கிறது, தானாகவே வேலை முடிந்துபோவதை அது தடுக்காது என்றும் சொல்லப்பட்டது.

விதியின் போக்கைப் பாருங்கள்! எந்த ஆலையில் எழுதாத விதியினால் தொழிலாளிகள் வருந்தினார்களோ, அதே ஆலையில் எழுதிய விதியினால் ஒரு தொழிலாளி வேலையிழந்தார். எழுதி வைத்தால் மட்டும் போதாது என்பது அப்போதுதான் புலப்பட்டது. எழுதிய எழுத்துக்கும் எதிரே நிற்கும் மனிதனுக்கும் நடுவே இன்னும் ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

ஒரு வார்த்தை கேட்பது

அது வந்து சேர மேலும் முப்பது வருஷம் ஆயிற்று. ஹரியானாவில் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனியின் தொழிலாளி ஒருவர் 1980 டிஸம்பரில், எட்டு நாளுக்கு மேல் வரவில்லை என்ற இதே விதிப்படி பெயர் நீக்கப்பட்டார். தாம் வந்ததாகவும், வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டதாகவும் அவர் சொன்னார். எது உண்மை என்று நிர்வாகம் விசாரிக்கவே இல்லை. விதியே முடித்துவிட்ட பிறகு விசாரணை எதற்கு என்று இருந்துவிட்டார்கள்.

1993-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு இதை ஏற்கவில்லை. ஜீவனோபாயம் என்பது அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்தில் சொல்லிய உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது; அதைப் பறிக்கும் முன் அந்த மனிதனுக்குத் தன் பக்கத்தைச் சொல்லச் சந்தர்ப்பம் தருவது இயற்கை நீதி; நிலையாணையில் அவ்வாறு எழுதியிராவிட்டாலும் எழுதியிருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பாதிப் பழஞ் சம்பளத்துடன் அவரைத் திரும்ப வேலைக்கு எடுக்கும்படி உத்தரவாயிற்று.

தொழிலாளி எப்போது வேண்டுமானாலும் வரலாம், எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று இதற்கு அர்த்தமல்ல. 2000-ம் வருஷத்தில் பாங்கு ஊழியர் ஒருவரின் வழக்கில், நோட்டீஸ் அனுப்பிக் கெடுவும் கொடுத்த பிறகும் வேலைக்குத் திரும்பாதவர் வேலையை விட்டவராகக் கருதப்பட்டதைச் சுப்ரீம் கோர்ட்டு சரியென்றே சொல்லிற்று. ஆகவே எல்லை இருக்கலாம். ஆனால் எல்லையைத் தாண்டினான் என்று தீர்மானிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம் வேண்டுவது.

பள்ளிக்கூடத்தில் வருகைப் பட்டியல் வைத்திருக்கும் நமக்கு இது புதிதல்ல. எட்டு நாள் வராத பையன் பெயருக்கு நேரே சிவப்பு மையால் கோடு இழுக்க ஒரு விநாடி போதும். ஏன் வரவில்லை என்று அடுத்த பையனைக் கேட்கவும் ஒரு விநாடிதான் ஆகும். முன்னதைச் செய்து பின்னதைச் செய்யாத உபாத்தியாயரை யாரும் நல்லவர் என்று சொல்லமாட்டார்கள்.

காகிதத்துக்குப் பதில்

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு, வக்கீல் நண்பர் ஒருவரின் யோசனையுடன், பையனின் தகப்பனாருக்காக ஒரு கடிதம் எழுதினோம். காமாலைக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த தேதிகளைக் குறித்து, சர்டிபிகேட்டின் நகலை இணைத்து, 1993-ம் வருஷத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி, விசாரணை நடத்த வேண்டும் என்று கேட்டோம். சங்கம் துணைக்கு வராவிட்டாலும் கவலையில்லை. 1965-ல் செய்த திருத்தத்தின்படி, வேலை நீக்கப்பட்ட தனி மனிதன் ஒருவனின் தாவாவும் தொழில் தகராறாகவே கொள்ளப்படும். லேபர் கோர்ட்டுக்குப் போக வழியுண்டு. இதையும் கடைசி வரியில் மரியாதையாகக் குறிப்பிட்டோம்.

ஒரு மாதம் சென்று ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. விசாரணை அரை மணி நேரம் நடந்ததாம். வராத நாட்களைச் சம்பளமில்லாத லீவாக வைத்து, அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதச் சம்பளம் போயிற்று. மனைவியின் இரண்டு வளையல்கள் அடகுக் கடையில் இருந்தன. இதைப் பெரிய வெற்றி என்று சொல்ல நாம் துணியவில்லை.

இதற்கிடையில் சட்டமும் மாறிவிட்டது. 1946-ம் வருஷச் சட்டம், 1926-ம் வருஷச் சட்டம், 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம் ஆகிய மூன்றையும் சேர்த்து, 2020-ல் பார்லிமெண்ட் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு என்று ஒன்றை நிறைவேற்றிற்று. 2025 நவம்பர் 21-ந் தேதி அது அமலுக்கு வந்தது. அதில் நல்ல அம்சங்களும் உண்டு. ஒருவரை ஸஸ்பெண்டு செய்தால் சாதாரணமாக 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஆனால் நிலையாணை வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இப்போது 300 பேருள்ள ஸ்தாபனத்துக்குத்தான். 100 என்றிருந்தது 300 ஆகிவிட்டது. சிறு ஸ்தாபனங்களுக்குத் தொல்லை குறையும், அவை வளர்ந்து பலருக்கு வேலை தரும் என்பது சர்க்கார் தரப்பு நியாயம். அது பலிக்கட்டும். ஆயினும் இருநூறு பேருள்ள ஆலையின் வாசலில் அந்தப் பலகை இருந்தே தீர வேண்டும் என்று இந்தத் தொகுப்பு கட்டாயப்படுத்தவில்லை. பலகை இல்லாத இடத்தில் விதி மறுபடி மேஸ்திரியின் வாய்க்குப் போய்விடுமோ என்று அஞ்சுவது அதிகப்படியாகாது. அப்படிப்பட்ட ஆலை நடத்துவோர், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், தம் விதிகளைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்டலாம். ஒருவரை நீக்கும் முன் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலாம். இதற்கு ஒரு பலகையும் அரை மணி நேரமுமே செலவு.

திரும்ப வேலைக்குச் சேர்ந்த மறு வாரம் பையனின் தகப்பனார் நம் வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். காப்பியைக் குடித்து முடித்த பிறகு வெகு நேரம் தயங்கி, ஒன்று கேட்டார்.

"ஸார், நானாகவே விட்டுப் போனேன் என்று எழுதினார்களே, அதை அடித்துவிட்டார்களா?"

பதினான்கு வருஷம் ஒரு நாள் பிந்தாமல் போன மனிதருக்குச் சம்பளத்தைவிட அந்த ஒரு வரிதான் உறுத்திக்கொண்டிருந்தது. அடித்துவிட்டார்கள் என்று சொன்னோம். விசாரணையின் முடிவை எழுதிய காகிதத்தை அவர் கையிலேயே கொடுத்து, அந்த இடத்தை விரலால் காட்டினோம். நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டாவது ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதாம்.